ஆமை என்ன பாவம் செய்தது?

1684 பிப்ரவரி 4. லண்டனுக்குக் கிழக்கே, டெப்ட்ஃபோர்டில் இருந்த சேயஸ் கோர்ட் என்ற தன் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்க ஜான் ஈவ்லின் புறப்பட்டுப் போனார். குளிர்காலத்தை நகரத்தில் கழித்துக்கொண்டிருந்தவர் அவர். வாரக்கணக்கில் கெட்டித்துக் கிடந்த பனி தன் செடிகளை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரிய செடிகள் பல அடியோடு போய்விட்டிருந்தன. ஆரஞ்சும் மிர்ட்டிலும் நோயாளிகளாக நின்றன. ரோஸ்மேரியும் லாரலும் பார்வைக்குப் பிணங்கள். சைப்ரஸ் மட்டும் பிழைத்துக்கொள்ளும் என்று நாட்குறிப்பில் எழுதினார்.

ஏப்ரலில் சேதத்தை முழுதாகக் கணக்கெடுத்து ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சொசைட்டி அதைத் தன் இதழில் அச்சிட்டது. எந்த மரம் செத்தது, எது அடியிலிருந்து துளிர்க்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் அந்தக் கடிதத்தில் ஓர் ஆமையும் வருகிறது. ஈவ்லின் வளர்த்த ஆமை. குளிர் தொடங்கும்போது மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கி வசந்தத்தில் வெளியே வரும் வழக்கம் உடையது என்பதால், அதைப் பாதி தாவரம் என்றே அவர் வேடிக்கையாகக் கருதினார். பல கடுங்குளிர்களை அப்படித்தான் கடந்திருந்தது. இந்த முறை அது தோண்டிய இடத்தில் ஒரு திராட்சைக் கொடியின் வேர் குறுக்கே வந்துவிட்டது. வழக்கமான ஆழத்துக்கு இறங்க முடியவில்லை. செத்துப்போயிற்று.

சேயஸ் கோர்ட்டுக்குப் போவதற்குப் பதினொரு நாள் முன்புதான், ஜனவரி 24 அன்று, இதே ஈவ்லின் இதே பனியைப் பற்றி வேறு தொனியில் எழுதியிருந்தார். தேம்ஸ் ஆறு உறைந்து அதன்மேல் தெருத்தெருவாகக் கடை போட்டிருந்தார்கள். வண்டிகள் ஓடின. பனிமேல் அச்சுக்கூடம் ஒன்று நடந்தது. ஆற்றின் நடுவில் தன் பெயரை அச்சடித்து வாங்கிக்கொள்ள ஜனங்கள் காசு கொடுத்தார்கள். திருவிழாவை விவரித்துக்கொண்டே வந்தவர், சட்டென்று திரும்பி, நாட்டின்மேல் இறங்கிய கடுந்தீர்ப்பு இது என்கிறார். மரங்கள் இடி விழுந்தாற்போல் பிளக்கின்றன, மனிதரும் மாடும் மடிகிறார்கள், எரிபொருள் விலை ஏறி, ஏழைகளை உயிரோடு வைத்திருக்க நன்கொடை திரட்ட வேண்டியிருக்கிறது என்று அடுக்குகிறார்.

தீர்ப்பு என்றால் குற்றம் ஒன்று இருக்க வேண்டும். ஆமை என்ன குற்றம் செய்தது?

ஈவ்லின் இந்தக் கேள்வியை எழுப்பவில்லை. பக்திமான், ஆங்கிலிக்கச் சபையில் ஊறியவர். அவர் காலத்தில் வெள்ளமும் கொள்ளைநோயும் பனியும் ஆண்டவனின் பேச்சாகவே கேட்கப்பட்டன. ஆனால் 'சில்வா' என்ற மரங்களைப் பற்றிய பெரும் நூலையும், மாதாமாதம் தோட்டத்தில் என்ன செய்வது என்று சொல்லும் 'கலெண்டேரியம் ஹார்ட்டென்ஸ்' என்ற கையேட்டையும் 1664-இல் எழுதியவரும் அவர்தான். மென்செடிகளைக் குளிரிலிருந்து எப்படிக் காப்பது என்பது அந்தக் கையேட்டின் முக்கியமான கவலைகளில் ஒன்று. ஆக, ஒரே மனிதர் ஒரு கையால் பனியைத் தெய்வத் தண்டனை என்று எழுதுகிறார், மறு கையால் அந்தத் தண்டனையிலிருந்து ஆரஞ்சு மரத்தைத் தப்பவைக்க வழி சொல்லிக்கொடுக்கிறார். இது கடவுளோடு மோதுவது ஆகாதா? விளையாட்டுக் கேள்வி இல்லை இது. எழுபது ஆண்டு கழித்து பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் இடிதாங்கி வந்தபோது இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. 1755-இல் பாஸ்டன் நகரம் நிலநடுக்கத்தில் ஆடியதும், இடிதாங்கிகள் நட்டதால்தான் நிலத்தில் மின்சாரம் சேர்ந்து இது நடந்ததோ என்று தாமஸ் பிரின்ஸ் என்ற போதகர் எழுதினார். ஆண்டவனின் கைக்கு எட்டாமல் தப்ப முடியாது என்பது அவர் வாதம். குளிரில் செடிகளை மூடும் வைக்கோல் பாய்க்கு மட்டும் இப்படிப்பட்ட எதிர்ப்பு வரவில்லை. அது இடிதாங்கியைவிட மிகப் பழையது. எல்லார் வீட்டிலும் இருந்தது.

பனி யாரைத் தேடி வருகிறது என்பதை இறையியலாளரிடம் கேட்பதைவிட நீலகிரியில் தேயிலை வைத்திருப்பவர்களிடம் கேட்பது மேல். அங்கே முதலில் நீர்ப்பனி விழும். நவம்பர் தாண்டினால் உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் நழுவி, பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால்தான் ஊட்டியில் உறைபனி என்றதும் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று அதே பெயர்கள் ஆண்டுதோறும் பத்திரிகையில் வருகின்றன. மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்க, கீழே ஓடையோரத் தேயிலை வெந்ததுபோல் கருகிக் கிடக்கும். இரண்டும் ஒரே குடும்பத்தின் பட்டாவில்கூட இருக்கலாம். பனி தீர்ப்பென்றால் மேட்டுக்காரர் எல்லாம் புண்ணியவான், பள்ளத்துக்காரர் எல்லாம் பாவி என்று ஆகிவிடும். ஒரே ஆள் மேல்பாத்தியில் நல்லவராகவும் கீழ்ப்பாத்தியில் கெட்டவராகவும் இருக்க வேண்டிவரும்.

1684-இன் குளிர் இந்த ரகம் அல்ல. மேடு பள்ளம் பாராமல் நாட்டையே மூடிய குளிர் அது. ஆனாலும் சேயஸ் கோர்ட்டில் எது பிழைத்தது, எது செத்தது என்பதைத் தீர்மானித்தவை செடியின் இனமும் வயதும் அது நின்ற சுவரோரமும்தான். ஆமையின் விஷயத்தில் ஒரு வேர். இவற்றைக் கவனமாகப் பார்த்து எழுதிவைத்தவரும் ஈவ்லின்தான். அவருடைய கடிதம் அவருடைய நாட்குறிப்புக்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது.

இந்திய மரபில் இந்த இடத்தில் 'தீர்ப்பு' வராது, 'வினை' வரும். போன பிறவியில் செய்தது இந்தப் பிறவியில் பனியாக விழுகிறது என்று சொல்ல எத்தனையோ பேர் தயாராக இருப்பார்கள். இவர்களுக்குப் புத்தர் தந்த பதில் ஒன்று சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் இருக்கிறது. மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாமே முன்வினைப் பயன்தான் என்று சிலர் சொல்கிறார்களே, இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று மோலியசீவகர் என்ற துறவி கேட்கிறார். புத்தர் ஒத்துக்கொள்ளவில்லை. பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், ஒழுங்கற்ற பழக்கம், பிறர் தாக்குதல், கடைசியாக முன்வினை என்று எட்டுக் காரணங்களைச் சொல்கிறார். எட்டில் ஒன்றுதான் வினை. பருவ மாற்றத்துக்குத் தனி இடம். இது எல்லாருக்கும் கண்கூடாகத் தெரிந்ததுதானே என்றும் அவர் சுட்டிக்காட்டுகிறார்.

ஐந்தாம் நூற்றாண்டு உரையாசிரியர் புத்தகோசர் இதே வழியில் இன்னும் துல்லியமாகப் போனார். உலகத்தில் ஐந்து ஒழுங்குகள் உண்டு என்று அவருடைய உரைகள் பிரிக்கின்றன. அவற்றில் பருவத்தின் ஒழுங்கு ஒன்று, விதையின் ஒழுங்கு ஒன்று, வினையின் ஒழுங்கு இன்னொன்று. ஒன்றை இன்னொன்றில் போட்டுக் குழப்பக் கூடாது. தோட்டக்காரனுக்கு வேண்டிய தத்துவம் முழுக்கக் கிட்டத்தட்ட இந்தப் பிரிவினையிலேயே அடங்கிவிடுகிறது. புத்தகோசர் அனுராதபுரத்தில் எழுதியவர். தான் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தன் உரை ஒன்றின் முடிவில் குறிப்பிடுகிறார். உறைபனி அவர் கண்ணில் பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. பருவம் தவறிய மழையைப் பார்த்திருப்பார்.

தீர்ப்பும் இல்லை, வினையும் இல்லை என்றால் மீதி என்ன? பைபிளின் யோபு இதே முட்டுச்சந்தில்தான் நிற்கிறான். நல்லவன், எல்லாவற்றையும் இழந்தவன், நண்பர்கள் வந்து உன் பாவம்தான் காரணம் என்கிறார்கள். கடைசியில் கடவுளே புயலுக்குள்ளிருந்து பேசுகிறார். ஆனால் 'ஏன்' என்பதற்கு விடை தருவதில்லை. பனியின் கிடங்குகளுக்குள் நீ போயிருக்கிறாயா, உறைபனியைப் பெற்றவள் யார் என்று எதிர்க்கேள்வி போடுகிறார். யோபு வாயில் கையை வைத்துக்கொள்கிறான். இதைப் படித்து ஆறுதல் அடைந்தவர்கள் ஏராளம். ஆத்திரப்பட்டவர்களும் உண்டு. ஒன்று நிச்சயம்: நண்பர்கள் சொன்ன 'உன் பாவம்' என்ற விளக்கத்தைக் கடவுள் கடைசியில் கண்டிக்கிறார். அந்த அளவில் யோபுவின் நூல் ஆமையின் பக்கம்தான்.

இருபதாம் நூற்றாண்டில் வில்லியம் ரோ என்ற அமெரிக்கத் தத்துவவாதி ஆமைக்கு ஒரு தோழனைக் கொண்டுவந்தார். 1979-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் ஒரு மான்குட்டி வருகிறது. யாரும் இல்லாத தூரக் காட்டில் மின்னல் விழுந்து தீப்பிடிக்கிறது. குட்டி வெந்து, சில நாள் துடித்துக் கிடந்து, சாகிறது. யாரும் பார்க்கவில்லை, யாரும் பாடம் கற்கவில்லை. எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த, நல்ல கடவுள் ஒருவர் இருந்தால் இந்தத் துன்பம் எதற்குத் தேவைப்பட்டது என்று ரோ கேட்டார். தேவை நமக்குத் தெரியவில்லை என்பதால் தேவையே இல்லை என்று ஆகாது என்று ஸ்டீஃபன் விக்ஸ்ட்ரா 1984-இல் பதில் எழுதினார். இன்றுவரை ஓயாத வழக்கு அது. ரோவின் மான் கற்பனை. ஈவ்லினின் ஆமை நிஜம். செத்த காரணத்தோடு அச்சில் ஏறியிருக்கிறது.

கடவுளுக்காக வாதாடுவதில் இன்னொரு வழி இருக்கிறது; அதுதான் தோட்டக்காரர்களைச் சுலபமாக மயக்குவது. குளிர் தேவை, குளிரால்தான் நன்மை என்பது. இந்த வழியில் வெகுதூரம் போனவர் வில்லியம் டெர்ஹாம். எசெக்ஸ் மாவட்டத்தின் அப்மின்ஸ்டர் கிராமத்துப் பாதிரியார். தேவாலயக் கோபுரத்தின் மேல் நின்று, தூரத்தில் வெடிக்கும் துப்பாக்கியின் ஒளியைப் பார்த்து, ஓசை வந்து சேரும் நேரத்தை எண்ணி ஒலியின் வேகத்தை அளந்தவர். 1709 ஜனவரியில் ஐரோப்பாவை முடக்கிப்போட்ட பெருங்குளிர் வந்தபோது அவருடைய வெப்பமானி மைனஸ் 12 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. தன் நினைவுக்கும் முதியவர்களின் நினைவுக்கும் எட்டியவரை இப்படி ஒரு குளிர் இல்லை என்று எண்ணினார். செத்த செடிகள், பறவைகள், பூச்சிகள் பற்றிய செய்திகளைப் பல ஊர்களிலிருந்து திரட்டி ராயல் சொசைட்டிக்குக் கட்டுரையாகக் கொடுத்தார்.

இரண்டே ஆண்டில், 1711-இல், அவர் ஒரு சொற்பொழிவு வரிசையைத் தொடங்கினார். அது 1713-இல் 'பிசிக்கோ-தியாலஜி' என்ற நூலாக வந்து பதிப்புமேல் பதிப்பாக விற்றது. காற்று, மழை, மலை, விலங்கின் கண், செடியின் விதை என எதை எடுத்தாலும் அதில் படைத்தவனின் ஞானம் தெரிகிறது என்பதே அதன் சாரம். பனியில் செத்த பறவைகளைக் கணக்கெடுத்த அதே பேனா.

டெர்ஹாமைக் கேலி செய்வது எளிது. அவர் சொன்னதில் விஷயம் இல்லாமலும் இல்லை. ஆப்பிளை எடுத்துக்கொள்வோம். வழக்கமான ரகங்களுக்குக் குளிர்காலத்தில் ஏழு டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம்வரை குளிர் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மொட்டு ஒழுங்காக விரியாது. இலையுதிர்காலத்தில் விதைக்கும் கோதுமை குளிரைக் கடக்காமல் கதிர் விடாது. டூலிப் கிழங்கும் அப்படித்தான். குளிர் மெல்ல மெல்ல வந்தால் செடி அதற்குள் தன்னைத் தயார்செய்துகொள்கிறது: செல்களில் சர்க்கரை ஏறுகிறது, சவ்வுகள் மாறுகின்றன. முதல் உறைபனிக்குப் பிறகு பிடுங்கிய காரட் இனிப்பதற்குக் காரணம் இதுதான். நிலத்தின்மேல் விழுந்து கிடக்கும் வெண்பனியும் கீழே உள்ள வேரைக் காக்கிறது. வெண்பனி இல்லாத வறண்ட குளிர்தான் அதிகம் கொல்லும்.

இதிலிருந்து ஒரு தாவு தாவினால் போதும், துன்பம்தான் ஆன்மாவைப் பக்குவப்படுத்துகிறது என்ற முடிவுக்கு வந்துவிடலாம். ஜான் ஹிக் 1966-இல் இந்த வாதத்துக்கு ஒரு கண்ணியமான வடிவம் தந்தார். மேடைப் பேச்சாளர்கள் இன்றும் ஆப்பிளை வைத்து இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிறார்கள். ஆனால் தோட்டக்கணக்கு ஒத்துவரவில்லை. ஆப்பிள் கேட்கும் குளிர் பூஜ்யத்துக்கும் ஏழு டிகிரிக்கும் இடைப்பட்டது. மைனஸ் இருபதை எந்த ஆப்பிளும் கேட்கவில்லை. 1709-இல் பிரான்ஸின் தெற்கே நூறாண்டு கண்ட ஒலிவ மரங்கள் செத்தன, வாதுமையும் கஷ்கொட்டையும் செத்தன, விதைத்த கோதுமை பாழானது. அடுத்து வந்த பஞ்சத்தோடு சேர்த்து ஏறத்தாழ 6 லட்சம் பேர் மாண்டதாக வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். 1956 பிப்ரவரியில் அதே தெற்கில், ப்ரொவான்ஸ் பகுதியில், அதே கதை. ஜனவரி இதமாக இருந்ததால் மரங்களில் சாறு ஏறத் தொடங்கியிருந்தது. அதன்மேல் கடுங்குளிர் விழுந்தது. லட்சக்கணக்கான ஒலிவ மரங்களை அடியோடு வெட்டிச் சாய்த்தார்கள். பல அடிமரங்கள் பிறகு வேரிலிருந்து துளிர்த்தன. அதற்குள் எத்தனையோ பேர் மனம் விட்டுப்போய்த் திராட்சைக்கு மாறிவிட்டார்கள்.

டெர்ஹாமின் வாதம் குளிர்காலத்துக்கு நியாயம் சொல்கிறது. கொல்லும் குளிருக்குச் சொல்லவில்லை. தேவையான அளவுக்கும் வந்த அளவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் ஒலிவ மரமும் ஆமையும் கிடக்கின்றன. அந்த இடைவெளியை நிரப்ப முயன்ற எந்த இறையியலும், ஏற்கெனவே நம்புகிறவரைத் தவிர, யாரையும் சமாதானப்படுத்தியதில்லை.

சரி, காரணம் தேடுவதை விட்டுவிட்டு எப்படித் தாங்குவது என்று மட்டும் பார்த்தால்? ஸ்டோயிக்குகள் என்ற பழைய தத்துவவாதிகள் அதற்குத்தான் இருக்கிறார்கள். அடிமையாகப் பிறந்து ஆசிரியரான எபிக்டெட்டஸ், உன் கையில் இருப்பதையும் இல்லாததையும் முதலில் பிரித்துக்கொள் என்றார். குளிர்காலத்தில் அத்திப்பழம் தேடுகிறவன் பைத்தியக்காரன் என்பது அவர் தந்த உதாரணம். அவர் அங்கே பேசியது பழத்தைப் பற்றி அல்ல. குழந்தையை முத்தமிடும்போதே அது சாகக்கூடியது என்று உனக்குள் சொல்லிக்கொள் என்பதற்காக அத்தியைக் கொண்டுவந்தார்.

இந்த அறிவுரை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஈவ்லின் வாழ்விலேயே ஒரு குளிர்காலம் இருக்கிறது. 1658 ஜனவரி 27 அன்று அவருடைய மூத்த மகன் ரிச்சர்ட் காய்ச்சலில் இறந்தான். ஐந்து வயது. சில வாரத்தில் கைக்குழந்தையாக இருந்த இன்னொரு மகனும் போய்விட்டான். இங்கிலாந்தில் உயிரோடு இருக்கும் எவரும் அறியாத கடுங்குளிர் அது என்றும், காக்கைகளின் கால்கள் இரையோடு சேர்ந்து உறைந்துபோயின என்றும் அந்த வசந்தத்தில் குறித்தார். மகனைப் பற்றி எழுதும்போது, தன் வாழ்வின் மகிழ்ச்சி இத்தோடு முடிந்தது என்கிறார். ஆண்டவன் சித்தம் என்று தலைவணங்குகிறார். வலி குறைந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஸ்டோயிக்குகள் அவருக்கு மதிப்பெண் குறைத்திருப்பார்கள். படிக்கிறவருக்கு அந்தப் பக்கம் எபிக்டெட்டஸைவிட நெருக்கமாக இருக்கிறது.

அத்திப்பழத்தின் கதை அங்கே முடியவில்லை. ஈவ்லின் காலத்திலேயே வெர்சாயில் ஜான் பாட்டிஸ்ட் தெ லா கெந்தினி என்பவர் பதினான்காம் லூயி மன்னருக்குக் காய்கறித் தோட்டம் போட்டார். வழக்கறிஞராக இருந்து தோட்டக்காரராக மாறியவர். லூயிக்கு அத்தி என்றால் உயிர். புதுச் சாணத்தின் சூடு, கண்ணாடிக் கூண்டு, வெயிலைத் தேக்கும் உயர்ந்த சுவர் ஆகியவற்றை வைத்து டிசம்பரில் ஆஸ்பராகஸ், மார்ச் கடைசியில் ஸ்ட்ராபெர்ரி, ஜூனிலேயே அத்தி என்று மேசைக்கு அனுப்பினார். ஈவ்லினும் சும்மா இருக்கவில்லை. 1685-இல் செல்ஸீ மருத்துவத் தோட்டத்துக்குப் போய், தரைக்கு அடியில் நெருப்பு வைத்துச் செடிகளைக் காக்கும் முறையைப் பார்த்து வியந்தார். மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத்தையும் அங்கே கண்டார். (அந்த மரம் பின்னாளில் நீலகிரிக்கு வந்தது, அதை அங்கே பயிராக்கியவர் ஊட்டி தாவரவியல் பூங்காவை 1848 முதல் அமைத்த வில்லியம் கிரஹாம் மெக்கைவர்.) 1691-இல் தன் கையேட்டின் புதிய பதிப்பில், அடுப்பை வெளியே வைத்துச் சூடான காற்றைக் குழாய் வழியே உள்ளே விடும் செடிக்கூடம் ஒன்றைப் படத்தோடு விளக்கினார்.

ஆக, 'கையில் இருப்பது', 'இல்லாதது' என்று எபிக்டெட்டஸ் போட்ட கோடு நின்ற இடத்தில் நிற்பதில்லை. கண்ணாடி வந்தால் நகர்கிறது, குழாய் வந்தால் நகர்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி நகர்வதும் இல்லை. லூயிக்கு ஜூனில் அத்தி; 1709-இல் அதே லூயியின் குடிகளுக்கு ரொட்டிக்கு மாவு இல்லை. கோதுமை போன நிலத்தில் வசந்தத்தில் பார்லியை விதைத்தவர்கள்தான் ஓரளவு மீண்டார்கள். உன் சக்திக்கு மீறியதை ஏற்றுக்கொள் என்று ஏழையிடம் சொல்வதற்கு முன், அவன் சக்தி ஏன் அவ்வளவு சிறியதாக இருக்கிறது என்று கேட்காத தத்துவம் அரைத் தத்துவம்தான்.

திருவள்ளுவர் இந்த விஷயத்தில் சாமர்த்தியமாக ஒரே பக்கம் சாயவில்லை. அறத்துப்பாலின் கடைசி அதிகாரம், 38-ஆவது, ஊழ். அதைவிட வலியது இல்லை என்று முடிகிறது. 62-ஆவது அதிகாரம் ஆள்வினையுடைமை. தளராமல் முயல்கிறவர் அந்த ஊழையே புறங்காட்ட வைப்பார் என்று முடிகிறது. இரண்டையும் சமரசம் செய்ய உரையாசிரியர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். தோட்டக்காரருக்கு அந்தப் பாடு வேண்டியதில்லை. மாலையில் ஆள்வினை, விடிந்தால் ஊழ். ஊட்டி பூங்காவில் உறைபனிக் காலம் தொடங்கியதும் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற காட்டுச்செடியின் கிளைகளால் மூடுகிறார்கள். காலையில் வெயில் ஏறுமுன் புல்வெளிமேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். உறைந்த இலைமேல் திடீரென்று வெயில் பட்டு உருகுவதுதான் அதிகம் கெடுக்கும் என்பது அவர்கள் அனுபவம். பலனில் பற்று வைக்காமல் செய் என்ற கீதை இவர்களிடம் செல்லுபடியாகாது. மே மாத மலர்க்காட்சிக்குப் பூ வேண்டும்.

ஜப்பானில் கனஸாவா நகரத்தின் கென்ரோகுயென் தோட்டத்தில் இதே வேலை ஒரு சடங்குக்கு உரிய ஒழுங்கோடு நடக்கிறது. சைபீரியக் காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிவந்து கொட்டுவதால் அங்கே விழும் வெண்பனி கனமானது, கிளைகளை ஒடித்துவிடும். ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று கரஸாகி என்ற பெரிய பைன் மரத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஐந்து கம்பங்கள் நட்டு, உச்சியிலிருந்து சுமார் 800 கயிறுகளை இறக்கிக் கிளை கிளையாகக் கட்டித் தாங்குகிறார்கள். மார்ச் நடுவில் அவிழ்க்கிறார்கள். கயிறுகளின் அழகைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. பனி வரும் என்பதிலும் அவர்களுக்குச் சந்தேகமில்லை, கட்ட வேண்டும் என்பதிலும் இல்லை.

மயிலுக்குப் போர்வை தந்த பேகனைத் தமிழ் மரபு இரண்டாயிரம் ஆண்டாகக் கொண்டாடுகிறது. மயிலுக்குக் குளிரவில்லை என்பது கொண்டாடியவர்களுக்கும் தெரியும். மிலாருக்கு அடியில் இருக்கும் செடிக்கு நிஜமாகவே குளிர்கிறது. அந்த வகையில் பூங்காத் தொழிலாளியின் வேலை பேகனுடையதைவிடப் பயனுள்ளது, பாடல்தான் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒரு திருப்பம். ஈவ்லினின் 'தீர்ப்பு' செத்தொழிந்தது என்று நினைத்திருந்த நேரத்தில் அது வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. 2021 மார்ச் கடைசியில் பிரான்ஸில் அந்த மாதத்துக்குச் சற்றும் பொருந்தாத வெயில் அடித்தது. திராட்சையும் ஆப்ரிகாட்டும் சீக்கிரமே மொட்டு விட்டன. ஏப்ரல் 6 முதல் 8 வரை உறைபனி. ஜெர்மன் தோட்டக்காரர்கள் மே 11 முதல் 15 வரை வரும் 'பனிப் புனிதர்' நாட்கள் கடக்கும்வரை மென்செடிகளை வெளியே நடுவதில்லை; பிரான்ஸிலும் அதுபோல் மூன்று புனிதர்கள் உண்டு. மனிதன் காத்திருக்கலாம், வேரூன்றிய கொடியால் முடியாது. ஷாப்லி, போர்தோ, ரோன் பள்ளத்தாக்கு எங்கும் இரவிரவாகப் பாரஃபின் வாளிகளைக் கொளுத்தினார்கள். சில இடங்களில் மொட்டுகள்மேல் தண்ணீரைத் தூவி உறையவிட்டார்கள். தண்ணீர் உறையும்போது கிலோவுக்குச் சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடும். தூவிக்கொண்டே இருந்தால் பனிக்கட்டிக்கு உள்ளே இருக்கும் மொட்டு பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

காலநிலை ஆய்வாளர்கள் பிறகு கணக்குப் போட்டார்கள். புவி வெப்பமடைவதால் குளிர் இரவுகள் மட்டுப்படுகின்றன. ஆனால் மொட்டு அதைவிட வேகமாக முந்திக்கொள்கிறது. மொட்டு விரிந்த பிறகு இப்படி ஓர் உறைபனி தாக்கும் வாய்ப்பை மனிதச் செயல்கள் சுமார் 60 சதவீதம் கூட்டிவிட்டன என்பது அவர்கள் கண்டது. பருவத்தின் ஒழுங்கையும் வினையின் ஒழுங்கையும் தனித்தனியாக வைத்த புத்தகோசருக்கு இது புதிய சிக்கல். இரண்டும் இப்போது கலந்துவிட்டன. பனிக்குப் பின்னால் மறுபடி ஒரு 'செய்தவன்' இருக்கிறான். அவன் வானத்தில் இல்லை. செய்தவனுக்கே திரும்பும் என்ற வினைக்கணக்கும் இதில் நடக்கவில்லை. நிலக்கரி எரித்த நாடு ஒன்று, மொட்டுக் கருகிய தோட்டம் வேறொன்று. லாபம் பார்த்தவர் ஒருவர், விடியவிடிய வாளி கொளுத்தியவர் இன்னொருவர். இந்தக் கேள்விக்கு யோபுவைப்போல் வாயில் கைவைத்துக்கொண்டு நிற்க முடியாது. செய்தவர் யார் என்பதற்கு ஆவணம் இருக்கிறது.

அந்த மூன்று இரவுகளில் இழந்தது ஏறத்தாழ 200 கோடி யூரோ வருவாய் என்று பிரான்ஸின் திராட்சைத் துறையினர் மதிப்பிட்டார்கள். அரசு எல்லாப் பயிர்களுக்கும் சேர்த்து அறிவித்த நிவாரணம் 100 கோடி யூரோ.